ஆர்ம் லேப்டாப்பில் லினக்ஸ்: வாங்குவது முதல் தமிழ் தட்டுவது வரை

ஏற்காட்டில் மழை பிடித்துக்கொண்டால் கரண்ட் போய்விடும். எங்கோ ஒரு கிளை கம்பிமேல் விழுந்திருக்கும். ஆள் போய் வெட்டி எடுக்கும்வரை எஸ்டேட் அலுவலகத்தில் விளக்கு எரியாது. வாரத்தில் மூன்று நாள் அங்கே காபி வரவு, மிளகு எடை, ஆள் கூலி எல்லாவற்றையும் நான்தான் கணக்கில் ஏற்றுகிறேன். பழைய இன்டெல் லேப்டாப் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடும். இப்போது கையில் இருப்பது ஆர்ம் லேப்டாப், அதாவது இன்டெலுக்குப் பதிலாக ஆர்ம் என்ற வேறு வகைச் சிப் உள்ளது. அதைக் காலையில் சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் சார்ஜரிலிருந்து பிடுங்கினால், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, வேலை முடித்து, சாயங்கால பஸ்ஸில் இறங்கி வரும்வரை மறுபடி சொருகுவதில்லை. அதில் ஓடுவது, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ்.

இதைப் பார்த்துவிட்டு அப்படியே செய்ய நினைக்கிறவர்கள் பலர் முதல் அடியிலேயே தவறுகிறார்கள். கடையில் ஏதோ ஒரு ஆர்ம் லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டு, "இதில் லினக்ஸ் ஏறுமா?" என்று கேட்கிறார்கள். இன்டெல், ஏஎம்டி இயந்திரங்களில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் "ஏறும்" என்பதே பதில். ஆர்மில் அப்படி இல்லை. எந்த மாடலில் லினக்ஸ் நன்றாக ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பணத்தை எடுக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

ஏன் எல்லா ஆர்ம் லேப்டாப்பும் ஒன்றல்ல

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் புதிதாக வருகிறவர்கூட எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்று பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் அது நடக்காது. எந்த மண்டி எந்தத் திருப்பத்தில், எந்தக் கொலுசுப் பட்டறை எந்த மாடியில் என்பது அங்கேயே சுமை தூக்குகிறவருக்குத்தான் தெரியும். அவர் ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் நீங்களும் போகலாம்.

வழக்கமான பிசி பஸ் ஸ்டாண்ட் மாதிரி. என்னென்ன பாகங்கள் எங்கே இருக்கின்றன என்பதை ஃபர்ம்வேரே (இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரல்) ஒரு பொது வடிவத்தில் கெர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையப் பகுதிக்கு, சொல்லிவிடும். அதனால் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய ஒரே யூஎஸ்பி எல்லாப் பிசியிலும் பூட் ஆகிறது, அதாவது அதிலிருந்தே இயந்திரம் தொடங்குகிறது. ஆர்ம் சிப்பில் அப்படிப் பொதுவான பலகை இல்லை. ஆர்ம் நிறுவனம் வடிவமைப்பை உரிமமாகக் கொடுக்கிறது; ஆப்பிள், குவால்காம், ராக்சிப் என்று ஒவ்வொருவரும் அதைச் சுற்றித் தங்கள் சொந்தப் பாகங்களை அடுக்குகிறார்கள். கீபோர்டு எந்தப் பின்னில், திரைக்கு மின்சாரம் எந்த ரெகுலேட்டரிலிருந்து, வைஃபை எந்த வழியில் என்பதை ஒரு கோப்பில் எழுதிக் கெர்னலிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். செவ்வாய்ப்பேட்டைக்காரர் வரைந்து தரும் தாள் அதுதான். உங்கள் மாடலுக்கு யாராவது அதை எழுதியிருந்தால் லேப்டாப் ஓடும். எழுதாவிட்டால், அதே பிராசசர் உள்ள பக்கத்து மாடலில் ஓடுகிறது என்பதால் உங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை.

64 பிட் ஆர்முக்கான ஆதரவு லினக்ஸ் கெர்னலில் 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆக, பிராசசர் ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. தடை எல்லாம் சுற்றியுள்ள பாகங்களில்தான்.

எதை வாங்கலாம்

என் தேர்வு எம்1 அல்லது எம்2 சிப் உள்ள பழைய மேக்புக் ஏர். காரணம், ஆப்பிள் சிப்பில் லினக்ஸை ஓட வைக்கும் அசாஹி லினக்ஸ் திட்டம். 2020 நவம்பரில் எம்1 வந்ததும், ஆப்பிள் எந்த ஆவணமும் தராத நிலையில், ஹெக்டர் மார்டின் தொடங்கிய குழு அந்தச் சிப்பை ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அசாஹி என்றால் ஜப்பானிய மொழியில் உதிக்கும் சூரியன்; மெக்கின்டாஷ் என்ற ஆப்பிள் பழ வகைக்கு ஜப்பானில் வழங்கும் பெயரும் அதுவே. 2022 மார்ச்சில் முதல் சோதனைப் பதிப்பு வந்தது. அதே வருடம் ஜூலை 31 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னல் 5.19ஐ ஒரு எம்2 மேக்புக் ஏரிலிருந்து வெளியிட்டார், அசாஹி ஓடிய இயந்திரத்திலிருந்து. 2023 டிசம்பரில், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் அசாஹி பதிப்பான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் முறையாக வெளியானது. நான் வைத்திருப்பது அதைத்தான்.

எம்3, எம்4 என்று புதியது வாங்கினால் இன்னும் நல்லது என்று தோன்றும். லினக்ஸுக்கு அது தலைகீழ். அசாஹியில் முதிர்ந்த ஆதரவு எம்1, எம்2 குடும்பங்களுக்குத்தான். இந்த விஷயத்தில் பழையதே பொன்.

இரண்டாவது வழி, ஸ்னாப்டிராகன் சிப் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள். 2022இல் வந்த லெனோவோ திங்க்பேட் எக்ஸ்13எஸ், ஃபேன் இல்லாத நல்ல இயந்திரம். லினக்ஸ் ஆதரவும் பழகியது. 2024 ஜூனிலிருந்து வரும் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் மாடல்களில் நிலைமை மாடலுக்கு மாடல் மாறும். இங்கே ஒரு உண்மையைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்: லினக்ஸ் லேப்டாப்பே தொழிலாக வைத்திருக்கும் ஜெர்மனியின் டக்சிடோ, எக்ஸ் எலைட் லேப்டாப் ஒன்றைச் செய்ய முயன்று 2025 நவம்பரில் அந்த முயற்சியை நிறுத்தியது. ஆர்மின் பெரிய கவர்ச்சியான நீண்ட பேட்டரி நேரம் லினக்ஸில் கிடைக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

பைன்புக் புரோ பற்றியும் கேட்பார்கள். 2019இல் வந்தது, லினக்ஸுக்கென்றே செய்தது, கற்றுக்கொள்ள இனிமையானது. ஆனால் 4 ஜிபி ரேம். இன்றைய இணையதளங்களுக்கு அது பற்றாது. வேலைக்கு வாங்காதீர்கள்.

முதலில் உங்கள் வேலையைச் சோதியுங்கள்

இயந்திரத்தைவிட இதுதான் பலரைக் கவிழ்க்கிறது. லினக்ஸில் ஓடும் என்றால் போதாது, ஆர்ம் லினக்ஸில் ஓட வேண்டும். மூல நிரல் திறந்திருக்கும் எல்லாம் கிட்டத்தட்ட அப்படியே கிடைக்கும்: ஃபயர்ஃபாக்ஸ், குரோமியம், லிப்ரே ஆபீஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப், விஎல்சி, புரோகிராமருக்கு வேண்டிய எல்லா மொழிகளும். நிறுவனம் கட்டிக் கொடுத்த மூடிய நிரல்தான் சிக்கல். அவர்கள் இன்டெலுக்கு மட்டும் கட்டியிருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

சேலத்தில் வியாபாரம் பார்ப்பவர்களுக்கு மூன்று விஷயங்களைக் குறிப்பாகச் சொல்கிறேன். டேலி விண்டோஸுக்கானது, ஆர்ம் லினக்ஸில் எமுலேட்டர் (வேறு இயந்திரம் போல நடிக்கும் நிரல்) வைத்து அதை ஓட்டி ஜிஎஸ்டி கடைசித் தேதியன்று மாட்டிக்கொள்ள வேண்டாம். அது தேவையென்றால் அதற்கென்று ஒரு விண்டோஸ் இயந்திரம் கடையிலேயே இருக்கட்டும். அடுத்தது டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்: உங்கள் டோக்கனுக்கு ஆர்ம் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். இல்லாவிட்டால், தனிநபர் வணிகம் வைத்திருப்பவர் ஓடிபி வழியாகவே ஜிஎஸ்டி தாக்கல் செய்யலாம். கம்பெனி என்றால் டோக்கன் இல்லாமல் முடியாது.

மூன்றாவது பிரின்டர். எஸ்டேட் அலுவலகத்தில் இருந்த பழைய சிறிய லேசர் பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தது, ஆனால் இன்டெலுக்கு மட்டும். இரண்டு நாள் முட்டி மோதியபின், டிரைவரே தேவைப்படாத வைஃபை பிரின்டர் ஒன்றுக்கு மாறினோம். ஏர்பிரின்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் பிரின்டர்கள் ஆர்ம் லினக்ஸிலும் தானாகவே பட்டியலில் வந்து நிற்கும். வாங்கும்போது அந்த ஒரு சொல்லைத் தேடுங்கள்.

மேக்புக் ஏற்கெனவே கையில் இருந்தால் நிறுவாமலே ஒத்திகை பார்க்கலாம். யூடிஎம் என்ற இலவச நிரலை மேக்ஓஎஸ்ஸில் போட்டு, அதற்குள் ஃபெடோராவின் ஆர்ம் பதிப்பை ஓட்டுங்கள். பிராசசர் ஒன்றே என்பதால் வேகமாகவே ஓடும். ஒரு வாரம் உங்கள் அன்றாட வேலை முழுவதையும் அதற்குள் செய்யுங்கள். எந்த நிரல் கிடைக்கவில்லை என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். மேக் இல்லாதவர்கள் தெரிந்தவரிடம் ராஸ்பெர்ரி பை இருந்தால் வாங்கி அதே சோதனையைச் செய்யலாம்.

பழைய மேக்புக் வாங்கும்போது

ரேம் போர்டோடு ஒட்டியே வரும், பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி எனக்குப் போதுகிறது. 16 கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கையைப் பாருங்கள். இந்த பேட்டரிகளுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு 1000.

எல்லாவற்றையும்விட முக்கியம், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் முழுவதும் அழிக்கச் சொல்லி, மறுபடி தொடங்கும்போது யாருடைய பாஸ்வேர்டும் கேட்காமல் முகப்புத் திரை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். "ரிமோட் மேனேஜ்மென்ட்" என்று ஒரு திரை வந்தால் அது ஏதோ ஒரு கம்பெனிக்குச் சொந்தமான இயந்திரம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

மேக்புக்கில் நிறுவுதல்

மேக்ஓஎஸ்ஸை அழிக்கக் கூடாது. இது கட்டாயம். சிப்பின் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் அதன் வழியாகவே வரும்.  இரண்டும் பக்கம் பக்கமாக இருக்கும். 256 ஜிபி வட்டில் மேக்ஓஎஸ்ஸுக்கு 120 விட்டுவிட்டு மீதியை லினக்ஸுக்கு எடுத்தேன், நெருக்கடி இல்லை.

தொடங்கும் முன் மேக்ஓஎஸ் 13.5 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா பாருங்கள். இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். டிஸ்க் யூட்டிலிட்டியில் ஃபர்ஸ்ட் எய்ட் ஒரு தடவை ஓட்டுங்கள். டைம் மெஷின் (மேக்கின் காப்பு நிரல்) ஸ்னாப்ஷாட்கள் தேங்கியிருந்தால் நீக்குங்கள். பார்ட்டிஷனை (வட்டின் பிரிவை) சுருக்கும்போது வரும் தகராறுகளில் பாதி இந்த இரண்டால் வருவதுதான்.

நல்ல இணையம் உள்ள இடத்தில் உட்காருங்கள். அசாஹியின் நிறுவும் நிரல் (நிறுவி), இமேஜை, அதாவது லினக்ஸ் முழுவதும் அடங்கிய கோப்பை, முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்ளாது. இழுத்துக்கொண்டே வட்டில் எழுதும். ஏற்காட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இதைத் தொடங்காதீர்கள். சில ஜிபி போகும். நான் கீழே வீட்டு ஃபைபரில் செய்தேன். சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

அசாஹி லினக்ஸ் தளத்தின் முகப்பிலேயே ஒரே வரியில் ஒரு கட்டளை இருக்கும். அதை அங்கிருந்தே நகலெடுத்து மேக்ஓஎஸ் டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) ஒட்டுங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும், வீடியோவின் விளக்கப் பகுதியிலிருந்தும் எடுக்காதீர்கள். அந்த வரிக்கு உங்கள் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்கப் போகிறீர்கள். அதனால்தான் நானும் இங்கே எழுதவில்லை.

நிறுவி கேள்வி கேட்டுப் போகும். முதல் பட்டியலில் இருக்கும் பார்ட்டிஷனைச் சுருக்கும் தேர்வை எடுங்கள். மேக்ஓஎஸ்ஸுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று கேட்கும், அளவைத் தட்டுங்கள். எதிர்காலப் புதுப்பிப்புகளுக்காக அந்தப் பக்கத்தில் 38 ஜிபி காலியாக இருக்கும்படி நிறுவியே பார்த்துக்கொள்ளும். சுருக்கும்போது திரை சிறிது நேரம் உறைந்தது போல நிற்கும். கை வைக்காதீர்கள், பவர் பட்டனை அழுத்தாதீர்கள். அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

அப்புறம் காலி இடத்தில் நிறுவும் தேர்வு. கேடிஈ பிளாஸ்மா, க்னோம், சர்வர் என்று பதிப்புகளைக் காட்டும் (முதல் இரண்டும் இரு வகை டெஸ்க்டாப்). கேடிஈயை எடுங்கள், அசாஹி குழு முதன்மையாக வைத்திருப்பது அதுதான், குறைகளும் அதில்தான் முதலில் சரியாகின்றன. பெயர் கேட்கும்போது பேசாமல் என்டர் தட்டலாம்.

இனி வரும் அடிதான் பலர் தவறவிடுவது. இறக்குதல் முடிந்ததும் நிறுவி ஒரு நீண்ட குறிப்பைத் திரையில் காட்டிவிட்டு இயந்திரத்தை அணைக்கும். அந்தக் குறிப்பை அணையும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரை கறுத்தபிறகு 25 விநாடி சும்மா இருங்கள். பிறகு பவர் பட்டனை ஒரே ஒரு முறை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்திருங்கள். ஆப்பிள் சின்னம் வரும், அப்போதும் எடுக்காதீர்கள். "ஸ்டார்ட்அப் ஆப்ஷன்ஸ்" ஏறுகிறது என்ற வரியோ சுழலும் வட்டமோ தெரிந்தபின்தான் விட வேண்டும். தட்டித் தட்டி அழுத்தினால் வேறு வகை ரிகவரிக்குள் (மீட்பு முறை) போய்விடும், அங்கே அடுத்த அடி நடக்காது. அப்படி ஆனால் பதற வேண்டாம். முழுவதும் அணைத்துவிட்டு மறுபடி இதே மாதிரி பிடியுங்கள்.

வட்டுகளின் பட்டியல் வந்ததும் புதிதாக இருக்கும் ஃபெடோராவைத் தேர்ந்தெடுங்கள். எந்த வட்டை மீட்க வேண்டும் என்று கேட்டால் உங்கள் மேக்ஓஎஸ் வட்டைக் காட்டி, அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். கறுப்புத் திரையில் அசாஹி நிறுவி திரும்ப வந்து சில கேள்விகள் கேட்கும். ஆப்பிள் கையெழுத்திடாத கெர்னலை இந்த ஒரு ஓஎஸ்ஸுக்கு மட்டும் அனுமதிக்கும் வேலை இது. பாதுகாப்பு அளவு ஓஎஸ் வாரியாகத் தனித்தனியாக இருப்பதால் மேக்ஓஎஸ் பக்கம் பழையபடி முழுப் பாதுகாப்போடு இருக்கும். இந்த வழியை ஆப்பிளே வடிவமைப்பில் திறந்து வைத்திருக்கிறது; எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை.

மறுபடி பூட் ஆனதும் மொழி, நேரம், பயனர் பெயர் கேட்டு டெஸ்க்டாப் வந்துவிடும். வைஃபை சேர்த்தவுடன் டெர்மினலைத் திறந்து, எல்லா நிரலையும் புதுப்பிக்கும் டிஎன்எஃப் அப்கிரேட் கட்டளையை ஓட்டிவிட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்ற எல்லா அலங்காரமும் அதற்குப் பிறகு.

ஸ்பீக்கர் வேலை செய்யும். இதற்காக அந்தக் குழு எடுத்த சிரத்தை எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு சிறிய ஸ்பீக்கரில் அளவுக்கு மீறி ஒலி கொடுத்தால் உள்ளே காயில் கருகிவிடும். அதனால் சூட்டைக் கணக்கிட்டு ஒலியைக் கட்டுப்படுத்தும் ஒரு தனி நிரல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது தயாராகும்வரை ஸ்பீக்கரை அவர்கள் திறந்துவிடவே இல்லை.

வேலை செய்யாதவையும் உண்டு. கைரேகை வேலை செய்யாது. தண்டர்போல்ட் கிடையாது. ஏர் மாடலில் யூஎஸ்பி-சி வழியாக வெளித் திரை இணைப்பதை நம்பி வாங்காதீர்கள். ப்ரொஜெக்டர் தினமும் தேவைப்படும் ஆசிரியர்கள் எச்டிஎம்ஐ துளை உள்ள 14 அங்குல மேக்புக் புரோவைப் பார்க்கலாம். வீடியோவை வன்பொருள் டிகோடர் இல்லாமல் பிராசசரே விரிக்கிறது, ஆனாலும் யூடியூப் தடங்கலின்றி ஓடும்.

ஸ்னாப்டிராகன் லேப்டாப்பில்

இங்கேயும் விண்டோஸை அழிக்காதீர்கள், காரணமும் கிட்டத்தட்ட அதேதான். முதலில் விண்டோஸுக்குள் எல்லாப் புதுப்பிப்பையும், பயாஸ் உட்பட, முடித்துவிடுங்கள். வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷனை அணையுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி இடம் விடுங்கள்.

இமேஜ் இறக்கும்போது கண்ணைத் திறந்து பெயரைப் படியுங்கள். உபுண்டுவின் வழக்கமான இமேஜ் பெயரில் ஏ, எம், டி என்று இருக்கும், ஆர்ம் இமேஜில் ஏ, ஆர், எம். ஆங்கிலத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டுப் பையனுக்கு இதைச் செய்து கொடுக்கப் போனபோது நான் முதலில் இறக்கியது ஏஎம்டி இமேஜை. யூஎஸ்பி பட்டியலிலேயே வரவில்லை. லேப்டாப் கெட்டுவிட்டதோ என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். உபுண்டு 25.04 முதல் ஆர்முக்கு முறையான டெஸ்க்டாப் இமேஜ் வருகிறது. எக்ஸ் எலைட்டுக்கான தொடக்க ஆதரவும் அதில் உண்டு. புதிய பதிப்பு எதுவோ அதை எடுங்கள், இந்தச் சிப்புகளுக்கு ஒவ்வொரு கெர்னலும் ஏதாவது ஒன்றைச் சரிசெய்கிறது. உங்கள் மாடல் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று அதே தளத்தின் வெளியீட்டுக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் (இயந்திரத்தின் தொடக்க அமைப்பு) செக்யூர் பூட்டை, அதாவது கையெழுத்திட்ட ஓஎஸ்ஸை மட்டும் ஏற்கும் பூட்டை, அணைத்து, யூஎஸ்பியிலிருந்து பூட் செய்யுங்கள். சில மாடல்களில் முதல் பூட்டில் கீபோர்டும் டச்பேடும் எழுந்திருக்காது. ஒரு யூஎஸ்பி கீபோர்டு, மவுஸ் பக்கத்தில் இருக்கட்டும். "நிறுவாமல் முயன்று பார்" என்பதைத் தேர்ந்தெடுத்து வைஃபை, திரை வெளிச்சம், டச்பேடு மூன்றையும் பாருங்கள். சரி என்றால் விண்டோஸ் பக்கத்திலேயே நிறுவுங்கள்.

நிறுவியபின் பல மாடல்களில் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது, சத்தம் வராது, திரை இழுத்து இழுத்து ஓடும். பயப்பட வேண்டாம். இந்தச் சிப்பில் பேட்டரி, ஒலி, யூஎஸ்பி-சி இவற்றைக் கவனிக்க உள்ளே இன்னொரு சிறு பிராசசர் இருக்கிறது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு லேப்டாப் நிறுவனத்துடையது என்பதால் எல்லா மாடலுக்கும் உபுண்டு அதைக் கூடவே தர முடியாது. கியூகாம் ஃபர்ம்வேர் எக்ஸ்ட்ராக்ட் என்று ஒரு கருவி உபுண்டுவின் தொகுப்பில் உண்டு. அதை நிறுவி ஓட்டினால் விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள் போய், அந்தக் கோப்புகளை எடுத்து வந்து உரிய இடத்தில் வைக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் பேட்டரி அளவு மேலே மூலையில் வந்து நிற்கும். முன்னால் விண்டோஸை அழிக்காதே, என்கிரிப்ஷனை அணை என்று சொன்னதெல்லாம் இந்த ஒரு நிமிட வேலைக்காகத்தான்.

பழைய கெர்னலை எப்போதும் விட்டு வையுங்கள். புதுப்பித்தபின் ஏதாவது நின்றுபோனால் பூட் ஆகும்போது வரும் க்ரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து அன்றைய வேலையை முடிக்கலாம்.

தமிழ் தட்டுவது

எழுத்துருவுக்குப் பிராசசர் கிடையாது. வானவில், பாமினி என்று பழைய கோப்புகளுக்காக வைத்திருக்கும் எழுத்துருக்களை அப்படியே நகலெடுத்துப் போடலாம். யூனிகோடுக்கு நோட்டோ ஃபெடோராவிலேயே இருக்கிறது.

கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு, "தானாகப் புள்ளி விழவில்லையே" என்று பலர் கைவிடுகிறார்கள். அது விசைக்கு ஒரு எழுத்து என்று கொடுப்பதோடு சரி. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99இன் அழகே அடுத்த எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைப்பதில் இருக்கிறது. அதற்கு எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு நிரலையும் அதன் எம்17என் துணைத் தொகுப்பையும் நிறுவுங்கள். கேடிஈ அமைப்புகளில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுத்து, வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு உள்ளீட்டு முறைகளில் தமிழ்99ஐச் சேர்த்தால் போதும்.

சோதிக்க "அம்மாபேட்டை" என்று தட்டிப் பாருங்கள். அ, ம, ம, ஆ. இரண்டாவது ம விழுந்ததும் முதல் ம தானே புள்ளி ஏந்திக்கொள்ளும். பிறகு ப, ஏ, ட, ட, ஐ. புள்ளி விசையைத் தொடவே இல்லை. "ஏற்காடு" என்றால் ற-வுக்குப் பின் ஒரு முறை புள்ளியைத் தட்ட வேண்டும். இது சரியாக வந்தால் லிப்ரே ஆபீஸ், உலாவி எல்லாவற்றிலும் சரியாக வரும்.

வெயில், தூசு, பேட்டரி

அம்மாபேட்டை நெசவாளர் வீட்டில் லேப்டாப் ஃபேனுக்குள் பஞ்சு அடைத்து மாதம் ஒரு முறை திறந்து ஊதுவார்கள். அங்கே என் மேக்புக்கை வைத்து வேலை செய்துகொண்டிருந்தபோது அந்த வீட்டுக்காரர் காதை அருகில் கொண்டுவந்து, "சத்தமே இல்லீங்களேண்ணா, ஓடுதுங்களா?" என்று கேட்டார். ஃபேனே இல்லை என்று சொன்னதும் திருப்பி அடியில் துளை தேடினார். ஏர் மாடலில் காற்று இழுக்கும் துளை இல்லை, பஞ்சு போக வழியும் இல்லை.

ஆனால் ஃபேன் இல்லாததற்கு ஒரு விலை உண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் மாடி அறையில் நீண்ட நேரம் கம்பைல் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றுவது) செய்தால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே வேலை ஏற்காட்டில் சீக்கிரம் முடிகிறது. கனமான வேலையைக் காலையில் வையுங்கள், மெத்தையின்மேல் வைக்காதீர்கள்.

சூடுதான் பேட்டரிக்கு எதிரி. நூறு சதவீதத்தில் சொருகியே வைத்திருப்பது இன்னொரு எதிரி. கேடிஈயின் பவர் அமைப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வைக்கலாம். மலைக்குப் போகும் முந்தைய நாள் ராத்திரி மட்டும் அதை நூறாக்குகிறேன். மூடி வைத்தால் மேக்ஓஎஸ் அளவுக்கு லினக்ஸ் சிக்கனமாகத் தூங்காது. ராத்திரி முழுக்க மூடியே வைப்பதானால் அணைத்துவிடுங்கள்.

திரும்பப் போக வேண்டுமானால்

மேக்புக்கை விற்கும் முன் லினக்ஸை நீக்க நினைப்பீர்கள். இங்கே மட்டும் அவசரமே கூடாது. வட்டின் முதல் பார்ட்டிஷனும் கடைசிப் பார்ட்டிஷனும் ஆப்பிளுடையவை. முதலாவது பூட்டுக்கு, கடைசியானது ரிகவரிக்கு. பெயர் புரியவில்லை என்று அவற்றை அழித்தால் இயந்திரம் எழுந்திருக்காது. இன்னொரு மேக்கைக் கேபிளில் இணைத்து, டிஎஃப்யூ என்ற அவசர மீட்பு முறையில் முழுவதும் மீட்க வேண்டியிருக்கும், கோப்புகளும் போய்விடும். நிறுவியபோது என்னென்ன சேர்ந்தன என்பதை அன்றே படமெடுத்து வைத்திருந்தால் வேலை எளிது: அசாஹிக்கான சிறிய ஆப்பிள் கன்டெய்னர் ஒன்று, பூட்டுக்கான சிறு ஈஎஃப்ஐ பகுதி, ஃபெடோராவின் பகுதிகள். மேக்ஓஎஸ்ஸில் நின்றுகொண்டு அவற்றை மட்டும் நீக்கி, மேக்ஓஎஸ் கன்டெய்னரைப் பழைய அளவுக்கு நீட்டி, ஸ்டார்ட்அப் டிஸ்க்கில் மேக்ஓஎஸ்ஸையே தேர்ந்து வையுங்கள். அடுத்த பூட்டில் வாங்கிய அன்று இருந்தது போலவே எழுந்து வரும்.